மசக்கை வாந்தி: முதல் நான்கு மாதங்களைக் கடப்பது எப்படி

முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது எட்டாவது வாரம் முழுவதும் நான் தரையில் படுத்தே கிடந்தேன். எழுந்து உட்கார்ந்தாலே வயிற்றைப் புரட்டியது. "எல்லோருக்கும் வருவதுதானே, பொறுத்துக்கொள்" என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், நானும் நம்பிப் பொறுத்துக்கொண்டேன். பத்தாவது வாரம் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். 54 கிலோ இருந்தவள் 50.5 கிலோவுக்கு வந்திருந்தேன். நாலு நாள் டிரிப்ஸ்.

இரண்டாவது முறையும் வாந்தி வந்தது. ஆனால் ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுக்கவில்லை. வாந்தி தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே எத்தனை முறை என்று கணக்கு எழுதினேன், உடம்பு தளர்வதற்கு முன்பே மருந்து கேட்டேன். முதல் முறை இது தெரியாமல் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதை வைத்து நீங்களாகவே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் எதை, எப்போது கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

1. முதலில் வாரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளிப்போய், பரிசோதித்துப் பார்த்து உறுதியாகும்போதே நான்கைந்து வாரம் ஆகியிருக்கும். அந்தத் தேதியை ஓரிடத்தில் எழுதி வையுங்கள். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

குமட்டல் பெரும்பாலும் 4 முதல் 7 வாரங்களுக்குள் தொடங்கும். 9, 10 வாரங்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் நின்றுவிடும். சிலருக்குப் பிரசவம் வரை நீளும். பத்துக் கர்ப்பிணிகளில் ஏழெட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. காலையில் மட்டும்தான் வரும் என்பது சரியில்லை. எனக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் உச்சம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 10 வாரம் வரை ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு முதன்முதலாக வாந்தி தொடங்கினால் அதை மசக்கை என்று எண்ணி உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தைராய்டு, பித்தப்பை, குடல் என்று வேறு காரணம் இருக்கலாம். பார்த்துவிட வேண்டும்.

2. கண் விழித்த முதல் இருபது நிமிடம்

இரவே தலைமாட்டில் உலர்ந்த உப்பு பிஸ்கட்டோ வறுத்த ரொட்டித் துண்டோ ஒரு டப்பாவில் வையுங்கள். விழித்ததும் எழக் கூடாது. படுத்தபடியே இரண்டு துண்டு மெதுவாக மென்று, இருபது நிமிடம் போன பிறகு பக்கவாட்டில் திரும்பி எழுந்து உட்காருங்கள். நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழும்போதும் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் காலையில் வயிறு அவ்வளவு காலியாக இருக்காது.

பல் துலக்குவதைக் காலையில் முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குமட்டல் அடங்கிய நேரத்தில், குழந்தைகளுக்கான சின்னத் தலை பிரஷ்ஷால், வாசனை குறைந்த பேஸ்ட் போட்டுத் துலக்குங்கள்.

3. வயிறு காலியாகவும் கூடாது, நிரம்பவும் கூடாது

மூன்று வேளைச் சாப்பாடு என்ற பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அளவு. பசி எடுக்கும் வரை காத்திருந்தால் பசியும் குமட்டலும் சேர்ந்து வரும், அப்புறம் எதுவும் இறங்காது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

எண்ணெயும் காரமும் அதிகம் உள்ளது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. சாதாரண மாவுப் பொருளோடு கொஞ்சம் புரதமும் சேர்ந்தால் வயிறு கூடுதல் நேரம் தாங்கும். சூடான சாப்பாட்டின் வாசனையே சிலருக்குப் புரட்டும். அப்படியானால் ஆறவைத்தோ குளிர வைத்தோ சாப்பிடுங்கள், வாசனை அடங்கிவிடும்.

"சத்தாகச் சாப்பிடு" என்ற அறிவுரை உங்களை வாட்டி எடுக்கும். எனக்கு இரண்டு வாரம் ஒரே ஒரு பண்டம்தான் இறங்கியது, குற்ற உணர்வில் அழுதிருக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் குழந்தை மிகச் சிறியது, அதன் தேவையும் குறைவு. இப்போதைக்கு எது உள்ளே நிற்கிறதோ அதுதான் நல்ல சாப்பாடு. சமச்சீர் உணவெல்லாம் குமட்டல் குறைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. தண்ணீரைத் தனியாக, சிறுகச் சிறுக

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்போ, அரை மணி பின்போ குடியுங்கள். ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால் அப்படியே வெளியே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய், அதுவும் முடியாவிட்டால் ஒரு ஸ்பூன். வெறும் தண்ணீரே குமட்டுகிறது என்றால் ஐஸ்கட்டியைச் சப்புங்கள், எலுமிச்சை சேர்த்துப் பாருங்கள். அடிக்கடி வாந்தி எடுக்கும் நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய தண்ணீர் உள்ளே போகிறது. அடர்ந்த நிறத்தில், கொஞ்சமாகப் போனால் பற்றவில்லை.

5. எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

வாந்தி வருவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று மூன்று நாள் கவனியுங்கள். சமையல் வாசனை, வாசனைத் திரவியம், புழுக்கமான அறை, போன் திரையை வேகமாகத் தள்ளிக்கொண்டே போவது, வண்டிப் பயணம் என்று ஏதாவது அகப்படும். எனக்கு ஒரு சோப்பு. அதை மாற்றியதும் காலையில் ஒரு வாந்தி குறைந்தது.

பலரும் சந்தேகிக்காத ஒன்று, தினமும் போடும் சத்து மாத்திரை. அதிலுள்ள இரும்புச் சத்து குமட்டலைக் கூட்டும். "முதல் சில வாரங்களுக்கு இரும்பை நிறுத்திவிட்டு ஃபோலிக் அமிலம் மட்டும் எடுக்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வழக்கமான அளவு 12 வாரம் முடியும் வரை நாளுக்கு 400 மைக்ரோகிராம். சிலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்வார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டால் தாங்கும்.

நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கு மருந்து கொடுத்தாலே குமட்டல் பாதி குறைவது உண்டு.

6. எண்ணி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். "ரொம்ப வாந்தி, முடியவில்லை" என்று நான் சொன்னபோது தலையசைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது முறை, "நேற்று ஏழு முறை வாந்தி, ஐந்து மணி நேரம் குமட்டல், ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறேன்" என்றேன். மருத்துவர் பேனாவை எடுத்தார்.

மருத்துவர்கள் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள், 'பியூக்' என்று பெயர். கடந்த 24 மணி நேரத்தைப் பற்றி மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்.

குமட்டல் எவ்வளவு நேரம்? இல்லை என்றால் 1, ஒரு மணி நேரம் வரை 2, இரண்டு மூன்று மணி 3, நான்கு முதல் ஆறு மணி 4, அதற்கு மேல் 5.

வாந்தி எத்தனை முறை? இல்லை என்றால் 1, ஒன்றிரண்டு முறை 2, மூன்று நான்கு 3, ஐந்து ஆறு 4, ஏழும் அதற்கு மேலும் 5.

ஓங்கரிப்பு, அதாவது எதுவும் வெளிவராமல் வெறுமனே குமட்டி எடுப்பது, எத்தனை முறை? இதற்கும் வாந்திக்குச் சொன்ன அதே கணக்கு.

மூன்றையும் கூட்டுங்கள். 6 வரை லேசானது, 7 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை கடுமையானது. தினமும் ஒரே நேரத்தில் கூட்டி, தேதியும் வாரமும் போட்டு எழுதுங்கள். வாரம் ஒருமுறை, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, அதே எடைக்கருவியில் எடை பாருங்கள். கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் விஷயம் வேறு. 54 கிலோ இருந்தவருக்கு 5 சதவீதம் என்பது 2.7 கிலோதான். அந்த நிலைக்கு ஹைப்பரெமசிஸ் கிராவிடாரம் என்று பெயர், கர்ப்பகால அதீத வாந்தி. நூறு கர்ப்பிணிகளில் அதிகபட்சம் மூன்று பேருக்கு வருவது. வீட்டு வைத்தியத்தில் அடங்காது.

எழுந்து எழுத முடியாத நாளில் வீட்டில் இருப்பவர் எழுதட்டும்.

7. மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்

கர்ப்பத்தில் எந்த மருந்தும் ஆகாது என்ற பயம்தான் என்னைப் பத்தாவது வாரம் வரை இழுத்துவந்தது. லேசாக இருக்கும்போது அடக்குவது எளிது, முற்றிய பிறகு கடினம்.

இஞ்சி லேசான குமட்டலுக்குக் கொஞ்சம் உதவும். ஆய்வுகளில் பயன்படுத்திய அளவு பெரும்பாலும் நாளுக்கு மொத்தம் 1 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. நெஞ்செரிச்சல் கூடினால் விட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

அடுத்தது வைட்டமின் பி6, அதாவது பிரிடாக்சின். வழக்கமாக 10 முதல் 25 மி.கி., நாளுக்கு மூன்று நான்கு வேளை. அது போதாவிட்டால் டாக்சிலமின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் கலந்த ஒரே மாத்திரையும் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்து பார்த்த மருந்து இது. மெதுவாகக் கரையும் வகை என்றால் வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவு படுக்கும்போது போடச் சொல்கிறார்கள், காலையில் பலன் தெரியும். அதை மெல்லவோ உடைக்கவோ கூடாது. குமட்டும்போது மட்டும் போடும் மாத்திரையும் அல்ல, தினமும் போட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு நாள் போட்டுப் பார்த்து "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் மெட்டோகுளோப்ரமைட், ஒண்டான்செட்ரான் போன்றவை இருக்கின்றன. ஒண்டான்செட்ரானை முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் குழந்தைக்கு உதடோ அண்ணமோ பிளவுபடும் வாய்ப்பு மிகச் சிறிதளவு, 10,000 குழந்தைகளில் கூடுதலாக மூன்று என்ற அளவில், உயரலாம் என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதற்காக அது தொடவே கூடாத மருந்து ஆகிவிடாது. கடுமையான வாந்தியை அப்படியே விடுவதும் ஆபத்துதான். மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். மலச்சிக்கல் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி ஒன்று: "மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும்?" இது தெரியாமல் நான் பல மாத்திரைகளை வீணாக்கினேன்.

இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, பழைய சீட்டில் மீந்தது, என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைப் பொடி, இவை எதுவும் வேண்டாம்.

8. மருத்துவரிடம் போகும்போது கையில் இருக்க வேண்டியவை

கடைசி மாதவிடாய்த் தேதி, கர்ப்பத்துக்கு முந்தைய எடை, நீங்கள் எழுதிய கணக்கு நோட்டு. இதுவரை எடுத்த ஸ்கேன், ரத்த, சிறுநீர் அறிக்கைகள். இப்போது போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பெயர் சொன்னால் குழம்பும், அட்டையையே கொண்டுபோங்கள். தைராய்டு, சர்க்கரை, வலிப்பு, மருந்து ஒவ்வாமை இருந்தால் அந்தச் சீட்டுகள். முந்தைய கர்ப்பத்தில் படுத்திருந்தால் அந்த மருத்துவமனை கொடுத்த விடுவிப்புச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி). காப்பீடு இருந்தால் அட்டை. எல்லாவற்றையும் போனில் படமெடுத்தும் வையுங்கள்.

நடுத்தரத்துக்கு மேல் போய்விட்டால் சிறுநீர், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கல்லீரலும் தைராய்டும். இதுவரை ஸ்கேன் எடுக்காதவர்களுக்கு ஸ்கேனும் உண்டு. இரட்டைக் கரு இருந்தாலோ, கருவுக்குப் பதிலாக முத்துப்பிள்ளை (நஞ்சுக்கொடித் திசு கொப்புளங்களாக வளர்வது) உருவாகியிருந்தாலோ வாந்தி கடுமையாகும்.

"சிறுநீரில் கீட்டோன் இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீட்டோன் என்பது சாப்பாடு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்; நீர்வறட்சியை அளக்க அது சரியான அளவுகோல் இல்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2024 வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் எடையையும் மதிப்பெண்ணையும் காட்டிப் பேசுங்கள்.

9. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்கள்

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது மிகவும் அடர்ந்த நிறத்தில் போகிறது. 24 மணி நேரமாகச் சாப்பாடோ தண்ணீரோ எதுவும் உள்ளே நிற்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. வாந்தியில் ரத்தம். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். வயிற்று வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல், ரத்தப்போக்கு. பேச்சில் குழப்பம், பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நேரமே கிளம்புங்கள். வீட்டில் இருப்பவரும் இந்தப் பத்தியைப் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் முடிவெடுக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது.

10. டிரிப்ஸ் ஏற்ற நேர்ந்தால்

பல இடங்களில் சில மணி நேரம் ஏற்றிவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பும் வசதி உண்டு. முதலில் அதைக் கேளுங்கள்.

வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர்கள் கட்டாயம் ஒன்றைக் கேட்க வேண்டும்: "குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுப்பீர்களா?" தயமின் என்பது வைட்டமின் பி1. நீண்ட வாந்தியில் அது உடம்பில் வற்றிப்போகும். அந்த நிலையில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி, மூளை பாதிக்கப்படலாம். அரிதுதான், ஆனால் ஓர் ஊசியில் தடுக்கக்கூடியது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள்.

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். பாதத்தை அசைத்துக்கொண்டே இருங்கள். உறைவைத் தடுக்க ஊசி தேவையா என்று கேளுங்கள்.

11. வாந்திக்குப் பிறகு பல்லைக் காப்பாற்றுங்கள்

வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

12. விடுப்பும் செலவும்

விடுப்புக்கான மருத்துவச் சான்றிதழில் "ஓய்வு தேவை" என்று மட்டும் இருந்தால் போதாது. நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மருத்துவரின் கையொப்பம், பதிவு எண், எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நான் வாங்கிய முதல் சான்றிதழில் முடியும் தேதி இல்லை. அலுவலகம் திருப்பிவிட்டது, அதைத் திருத்தி வாங்க அந்த உடம்போடு மறுபடி அலைந்தேன். கர்ப்பத்தை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை என்றாலும் மேலாளர் ஒருவரிடம் மட்டுமாவது சொல்லிவிடுவது நல்லது. வேலை நேரத்தைக் குமட்டல் குறைந்த நேரத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள்.

ஓ.ஆர்.எஸ்., பி6, ஃபோலிக் அமிலம் எல்லாம் மலிவானவை. மருத்துவமனையில் தங்குவதும் வேலைக்குப் போகாத நாட்களும்தான் பெரிய செலவு. அதனால் பணம் மிச்சமாகவும் சீக்கிரம் மருந்து தொடங்குவதுதான் வழி. கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் விலையுயர்ந்த சத்து மாவை இப்போது வாங்காதீர்கள். நான் வாங்கிய டப்பா இரண்டு ஸ்பூனோடு நின்றுபோனது. மணிக்கட்டில் அழுத்தும் பட்டை சிலருக்கு உதவுகிறது, ஆய்வுகளில் பலன் உறுதியாகவில்லை, கெடுதல் இல்லை. வாங்குவதற்கு முன் மணிக்கட்டின் உள்பக்கம், ரேகையிலிருந்து மூன்று விரல் அளவு முழங்கைப் பக்கமாக, இரு தசைநாண்களுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். காப்பீடு இருந்தால், அன்றே வீட்டுக்குப் போகும் டிரிப்ஸுக்கும் பணம் தருவார்களா, இரவு தங்கினால்தானா என்று முன்பே விசாரியுங்கள்.

13. மனசு

இத்தனை ஆசைப்பட்டுச் சுமந்த குழந்தை, ஆனால் ஒரு நாளும் சந்தோஷமாக இல்லை என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. இது மனப்பிரமை இல்லை. கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. தொடர்ந்து அழுகை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, வேண்டாத எண்ணங்கள் வந்தால் வாந்தியைச் சொல்வது போலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

14. குறையும்போது

ஒரு நாள் திடீரென்று குமட்டல் இல்லாமல் விடியும். பயந்துபோவீர்கள். குமட்டல் ஏறி இறங்குவது சகஜம், வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் உடனே போய்க் காட்டுங்கள். நன்றாக இருக்கிறது என்று மருந்தை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், திரும்ப வரும். மருத்துவரிடம் கேட்டு ஒரு வேளை ஒரு வேளையாகக் குறையுங்கள். நான் 15ஆவது வாரம் தொடங்கி இரண்டு வாரத்தில் நிறுத்தினேன். அதற்குள் விட்டுப்போன இரும்புச் சத்தை எப்போது மறுபடி தொடங்குவது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒருமுறை கடுமையாக வந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். அப்போது பரிசோதனையில் உறுதியானதும், குமட்டல் தொடங்கும் முன்பே மாத்திரையைத் தொடங்கலாம். முதல் சந்திப்பிலேயே அந்த நோட்டை எடுத்து மருத்துவர் மேசையில் வையுங்கள்.